மொசாம்பிக் துவரை: விதைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய–ஆப்பிரிக்க உறவைப் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொசாம்பிக்குக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். அந்தப் பத்திகளில் நிலக்கரி வந்தது, எரிவாயு வந்தது, கடற்படைக் கப்பல்கள் வந்தன, எக்சிம் வங்கிக் கடன் வந்தது. துவரை மட்டும் வரவில்லை. தில்லியில் உட்கார்ந்து பார்த்தால் அது பெரிய சமாச்சாரமாகத் தெரியாமல் இருக்கலாம். தூத்துக்குடியிலிருந்து பார்க்கிற எனக்கு, அந்த நாட்டோடு நமக்குள்ள கொடுக்கல் வாங்கலில் இரண்டு முனையிலும் சாதாரண ஜனங்கள் நிற்கிற ஒரே இடம் அதுதான். அங்கே விளைவிக்கிறவர் மண்வெட்டி பிடித்தவர். இங்கே வாங்குகிறவர் மளிகைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ கேட்கிறவர்.

கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், தேதிகளை வெட்டாதீர்கள்.

நான் சரக்கு ஆய்வு நிறுவனம் ஒன்றில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இறக்குமதியாகும் தானியம், பருப்பு இவற்றின் எடை, ஈரப்பதம், கழிவு பார்த்துச் சான்றிதழ் தருவது வேலை. முதலில் தூத்துக்குடியில் இறங்குகிற சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஏற்றும் இடத்திலேயே பார்த்துவிட்டால் இங்கே வந்து சண்டை போட வேண்டியதில்லை என்று முடிவு செய்து, கொள்முதல் சீசனில் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இயற்கையாகவே ஆழமான துறைமுகம் அது. அங்கிருந்து புறப்படும் ரயில் பாதை நம்புலா வழியாக உள்நாட்டுக்குள் புகுந்து மலாவிவரை போகிறது. வடக்கு மொசாம்பிக்கின் விளைச்சலில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் கடலுக்கு வரும்.

நமக்கு ஏன் அவர்கள் துவரை? விஷயம் மாதக் கணக்கில் இருக்கிறது. நம் நாட்டில் ஜூன், ஜூலையில் விதைத்தால் டிசம்பருக்கு மேல்தான் புதுச்சரக்கு வரத்து. அதற்கு முந்தின மூன்று நான்கு மாதங்களில் மில்களில் இருப்பு வற்றிவிடும். பண்டிகைகளும் அப்போதுதான் வரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற மொசாம்பிக்கில் மழை நவம்பர், டிசம்பரில் பிடிக்கிறது, அப்போது விதைப்பு. ஜூலைக் கடைசியிலிருந்து அறுவடை. செப்டம்பர், அக்டோபரில் கப்பல் ஏறினால் நமக்குச் சரியான சமயத்தில் வந்து சேரும். கண்டெய்னர் வழியில் கப்பல் மாறி வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பருப்பு வியாபாரிகள் ‘கஜ்ரி’ என்று சொல்வது இந்த மொசாம்பிக் துவரையைத்தான். தான்சானியா சரக்கு ‘அருஷா’, ‘மட்வாரா’. பர்மா சரக்கு ‘லெமன்’. மில்லில் உடைத்துப் பட்டை தீட்டிய பிறகு இந்தப் பெயரெல்லாம் மறைந்துபோய் எல்லாம் துவரம் பருப்பு ஆகிவிடும். குழம்பில் கொதிக்கிறது எந்த நாட்டுப் பருப்பு என்று யாருக்குத் தெரியப்போகிறது.

நகாலாவில் என் வேலை கிட்டங்கியில். குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி துவரை விழும். லாட்டின் மேலே, நடுவே, அடியில் என்று பல சாக்குகளில் குத்தி, எல்லாவற்றையும் கலந்து, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்ப வேண்டும். மண்கட்டி எவ்வளவு, பொக்கு எவ்வளவு, வண்டு துளைத்தது எவ்வளவு, நனைந்து தோல் சுருங்கியது எவ்வளவு என்று தட்டு சொல்லிவிடும். எனக்கு அது இன்னொன்றும் சொல்லும். ஒரே லாட்டில் பத்துச் சாக்கு பார்த்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும்: ஒன்றில் மணி பெருத்திருக்கும், அடுத்ததில் சிறுத்திருக்கும், ஒன்றில் நடுவே மக்காச்சோளம் நாலு கிடக்கும். ஒரு பெரிய பண்ணையின் சரக்கு அப்படி இருக்காது. ஒவ்வொரு சாக்கும் நூறு வீட்டுச் சேர்மானம்.

அந்த வீடுகள் இருப்பது பெரும்பாலும் நம்புலா, ஜாம்பேசியா மாகாணங்களில். மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் நடுவே துவரையை ஊடுபயிராக ஊன்றுகிறார்கள். ஒரு ஹெக்டேர், ஒன்றரை ஹெக்டேர்தான் நிலம். டிராக்டர் கிடையாது, உரம் கிடையாது, கிணறும் கிடையாது. ஒரு சீசனில், சரக்கு ஏன் இவ்வளவு மண்ணோடு வருகிறது என்று நேரில் பார்த்துவர ஜாம்பேசியாவிலுள்ள மொகூபா பக்கம் போனேன். சாலையோர மாமரத்தின் கிளையில் தொங்கு தராசை மாட்டிக்கொண்டு ஏஜென்ட் ஒருவர் நின்றார். பெண்கள் எனாமல் பேசினிலும், இடுப்பில் கட்டும் கப்புலானா துணியில் மூட்டையாக முடிந்தும் துவரை கொண்டுவந்தார்கள். நாலு கிலோ, ஆறு கிலோ, மிஞ்சிப்போனால் பத்து. தராசு முள் ஆடி நிற்கும்வரை அந்தப் பெண்களின் கண் அதைவிட்டு நகரவில்லை. முள் நின்றதும் ஏஜென்ட் ஒரு எண் சொன்னார். அதில் பேச்சுக்கு இடமில்லை.

அன்றைய விலை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காலையில் நகாலாவிலிருந்து போனில் சொன்னார்களாம். நகாலாக்காரருக்கு முந்தின இரவு மும்பையிலிருந்து சொல்லியிருப்பார்கள், அது எனக்கே தெரியும். தில்லியில் ஒரு வதந்தி கிளம்பினால் மறுநாள் மாமரத்தடியில் முள் அதே இடத்தில்தான் நிற்கும், நோட்டு மட்டும் குறையும். வயதான பெண் ஒருவர் என் டிரைவர் மூலமாக, “இதையெல்லாம் நீங்களே தின்பீர்களா, ஆடு மாட்டுக்குப் போடுவீர்களா?” என்று கேட்டார். நாங்கள்தான், தினமும், என்றேன். நம்பினாரா தெரியவில்லை. அவர்களும் துவரையைச் சமைப்பதுண்டு. ஆனால் அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள மாவும் மரவள்ளியும்தான். துவரையைப் பயிரிடுவது விற்கத்தான், விற்பது நமக்குத்தான். ஒரே ஒரு டீக்கடைக்கு மட்டும் பால் ஊற்றுகிறவரின் நிலை அது: கடைக்காரர் நாளைக்கு வேண்டாம் என்றால் கறந்ததை என்ன செய்வது?

கடைக்காரர் அப்படிச் சொல்லவும் செய்தார். அந்தக் கதையைத் தேதியோடு சொல்கிறேன்.

2015-16-ல் நம் துவரை விளைச்சல் 25.6 லட்சம் டன்னாகச் சுருங்கியது. சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரசு பதறியது. 2016 ஜூலை 7-ஆம் தேதி பிரதமர் மோடி மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவுக்குப் போனபோது பருப்பு கொள்முதலுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2016-17-ல் ஒரு லட்சம் டன். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒன்றேகால் லட்சம், ஒன்றரை லட்சம், ஒன்றே முக்கால் லட்சம். 2020-21-ல் இரண்டு லட்சம் டன். அரசுகள் நியமிக்கும் முகமைகள் வழியாகவோ தனியார் வழியாகவோ வாங்கலாம். இந்தியா வாங்கப்போகிறது என்ற செய்தி அங்கே ரேடியோவில் போயிற்று, வியாபாரிகள் வாயிலாகக் கிராமம் கிராமமாகப் போயிற்று. அந்த நவம்பரில் ஜனங்கள் கூடுதலாக ஊன்றினார்கள்.

அதே பருவத்தில் நம் ஊரிலும் மழை கொடுத்தது, ஆதரவு விலையும் ஏறியிருந்தது. 2016-17 விளைச்சல் 48.7 லட்சம் டன். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போதாததற்கு இறக்குமதி சுமார் 7 லட்சம் டன். குவிண்டால் 5,050 ரூபாய் என்று அரசு அறிவித்த ஆதரவு விலைக்குக் கீழே சந்தை போய்விட்டது. துவரை விளையும் கர்நாடகத்துக் கலபுரகியிலும் மகாராஷ்டிரத்து லாத்தூரிலும் மூட்டைகளோடு விவசாயி கொள்முதல் நிலையத்தின் வாசலில் காத்துக் கிடந்தார். 2017 மார்ச் கடைசியில் துவரைக்கு 10 சதவீத இறக்குமதி வரி வந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் அறிவிக்கை: ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்குமேல் துவரை இறக்குமதி கிடையாது.

ஆகஸ்ட் 5. மொசாம்பிக்கில் துவரை அறுத்துக் களத்துக்கு வந்திருக்கிற வாரம் அது.

அரசாங்கங்களுக்கு இடையே ஒப்புக்கொண்ட அளவுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அந்த அறிவிக்கையிலேயே ஒரு வரி இருந்தது. ஆகவே இந்தியா சொன்ன சொல்லை மீறவில்லை என்று அதிகாரிகள் வாதிடலாம். காகிதத்தில் சரி. ஆனால் அங்கே விளைந்திருந்தது ஒப்பந்தக் கணக்கைவிட அதிகம். தனியார் இறக்குமதி என்ற பெரிய வாசல் சாத்திக்கொண்டது என்று தெரிந்த உடனே, மிச்சமிருந்த ஒப்பந்த அளவு என்ற சின்ன வாசலுக்கு வர வேண்டிய சரக்கின் விலையும் சேர்ந்து விழுந்தது. முந்தின ஆண்டு விலையில் பாதிகூட இல்லை. நகாலா கிட்டங்கிகளில் புதிதாக எடுக்க மாட்டேன் என்று வியாபாரிகள் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அந்த சீசனில் வேலை குறைவு. கிட்டங்கியில் பழைய லாட்டையே திரும்பத் திரும்ப வண்டு வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துவரையைப் பத்திரப்படுத்த அந்தக் குடிசைகளில் வசதி கிடையாது. இரண்டு மாதம் சாக்கில் கிடந்தால் தட்டில் கொட்டும்போது மணியைவிட மாவுதான் அதிகம் வரும்.

அங்கே நடந்ததைப் பார்த்து, ஏழை நாட்டை இந்தியா ஏமாற்றிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கலபுரகி விவசாயிக்கும் வயிறு இருக்கிறது. ஆதரவு விலை கிடைக்காமல் அவர் நிற்கும்போது துறைமுகத்தைத் திறந்து வைத்திருக்க எந்த அரசாலும் முடியாது. முடியக் கூடாது என்றுகூடச் சொல்வேன். என் வருத்தம் கதவைச் சாத்தியதில் அல்ல, சாத்திய நேரத்தில். 2017 ஜனவரியிலேயே நம் விளைச்சல் எகிறப்போவது சந்தைக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால், 2016 அக்டோபரில், விதைப்புப் பரப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று வேளாண் அமைச்சகத்தின் கையில் கணக்கு இருந்தது. மபூட்டோவிலுள்ள நம் தூதரகத்திலிருந்து ஒரு வார்த்தை, “இந்த வருஷம் அதிகம் ஊன்ற வேண்டாம்” என்று, மழைக்கு முன்னால் போயிருந்தால் பாதிப் பேர் எள்ளோ கடலையோ போட்டிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்குச் சுங்கவரிச் சலுகை தருகிறோம் என்று 2008-ல் தில்லியில் கூடிய முதல் இந்திய–ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில் பெருமையாக அறிவித்தோம். மொசாம்பிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. வரி கிடையாது, வாசலில் பூட்டு உண்டு என்றால் அந்தச் சலுகைக் காகிதத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

பிறகு சக்கரம் சுழன்றது. 2021 மே மாதம் துவரை இறக்குமதியைத் தடையற்றதாக்கினார்கள். மொசாம்பிக் ஒப்பந்தத்தை ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டினார்கள். மலாவியோடு 50,000 டன்னுக்கும் மியான்மாரோடு ஒரு லட்சம் டன் துவரைக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். சரக்கு இறங்க அனுமதித்த ஐந்து துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. 2023-ல் மறுபடி நமக்குத் தட்டுப்பாடு. மொத்த வியாபாரிகளுக்கு இருப்புக்கு உச்சவரம்பு. இறக்குமதியாளர் கஸ்டம்ஸ் விடுவித்த நாளிலிருந்து 30 நாளுக்குமேல் சரக்கை வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. சரி, சரக்கு வரட்டும் என்று பார்த்தால் அது நகாலாவிலேயே நின்றுவிட்டது. ஏற்றுமதியாளர்களுக்குள் வழக்கு, ஆவணச் சிக்கல், துறைமுகத்தில் அனுமதி கிடைக்காத கண்டெய்னர்கள். நம் அரசு மபூட்டோவிடம் பேச வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் தீப்பிடித்த மாதிரி விலை ஏறியது இங்கே.

அப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த இறக்குமதியாளர் ஒருவரின் சரக்கு, எப்படியோ அங்கிருந்து தப்பி இங்கே வந்து, சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் சான்றிதழில் சாக்கு எண்ணிக்கையும், பூச்சி நோய் இல்லை என்று காட்டும் பைட்டோ சர்டிபிகேட்டில் சாக்கு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று யார்டில் கிடந்தது. திருத்தம் மபூட்டோவிலிருந்து வர வேண்டும். அவர்கள் அலுவலக மொழி போர்த்துகீசியம், நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால், நடுவில் அங்கே ஒரு நீண்ட விடுமுறை. துறைமுகத்தில் சரக்கு கிடந்ததற்கான தாமதக் கட்டணம், டெமரேஜ், கட்டியே மனிதர் ஓய்ந்தார். “மொசாம்பிக்காரன் நம்மைப் பழிவாங்குறான் அண்ணாச்சி” என்றார். பழியெல்லாம் இல்லை. ஆனால் ஒருவர் கை ஓங்கியிருக்கும்போது மற்றவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை நாம்தான் ஏற்படுத்தவில்லை. அவர்களிடமிருந்து மட்டும் அதை எப்படி எதிர்பார்ப்பது?

கட்டுரையாளர் எழுதிய மற்ற உறவுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாடு 1975 ஜூன் 25-ல் போர்த்துகலிடமிருந்து விடுதலை பெற்ற அதே ஆண்டில் அங்கே தூதரகம் திறந்தோம். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரைப் புரட்டிப் போட்டபோது முதலில் உதவிக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் நம் ஐ.என்.எஸ். சுஜாதா, ஐ.என்.எஸ். ஷார்துல், கடலோரக் காவல்படையின் சாரதி கப்பல்கள் உண்டு. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஐ.என்.எஸ். கேசரி 500 டன் உணவுப் பொருளோடு மபூட்டோவில் நின்றது. நான் பழகிய நகாலாக்காரர்கள் புயல் நேரத்து உதவியை நன்றியோடு நினைவு வைத்திருந்தார்கள். வாரணாசியில் செய்த ரயில் எஞ்சின்கள் அங்கே ஓடுகின்றன. நம் கடனில் பெலுலுவானேயில் சோலார் பேனல் தொழிற்சாலை வந்தது. ரொவூமா எரிவாயுத் திட்டத்தில் நம் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு மொத்தம் 30 சதவீதப் பங்கு. 2021-ல் அதன் அருகிலுள்ள பால்மா ஊரைத் தீவிரவாதிகள் தாக்கியதும் திட்ட வேலை நின்று பல ஆண்டு முடங்கியது. டெட்டே மாகாணத்தின் பெங்கா நிலக்கரிச் சுரங்கத்தை ரியோ டின்டோவிடமிருந்து 5 கோடி டாலருக்கு நம் பொதுத்துறைக் கூட்டமைப்பு 2014-ல் வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ரியோ டின்டோ கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது அடிமாட்டு விலை. இதெல்லாம் பெரிய கணக்கு. ஆனால் சுரங்கத்துக்கும் எரிவாயுவுக்கும் ஒப்பந்தம் எழுதும்போது வக்கீல்கள் பக்கம் பக்கமாக நஷ்டஈட்டு ஷரத்து எழுதுகிறார்கள். பேசினில் துவரை கொண்டுவருகிற பெண்ணுக்கு எழுத யாரும் இல்லை.

அந்த நாட்டு ஜனங்களுக்கு இந்த அனுபவம் புதிதும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிக முந்திரி விளைந்த நாடு மொசாம்பிக். உள்நாட்டுப் போரில் பாதி போயிற்று. மீதியில், கொட்டையை அங்கேயே உடைத்துப் பருப்பாக்கி அனுப்ப ஆலைகள் இருந்தன. 1990-களில் உலக வங்கி கடன் நிபந்தனையாக, பச்சை முந்திரிக்கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொன்னது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றது. கொட்டை மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இந்தியாவுக்கு, முக்கியமாகக் கொல்லம் ஆலைகளுக்கு வந்தது. அங்கே ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த லாபமோ மிகச் சொற்பம் என்று பின்னால் பொருளாதார அறிஞர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முந்திரி வேலை செய்த வயதானவர்கள் நகாலாவில் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றால் முதலில் முந்திரியைப் பற்றித்தான் பேசுவார்கள், கோபமில்லாமல், சற்று கிண்டலாக.

அதனால் நான் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது டன் கணக்கோடு ஒரு தேதியையும் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15-க்குள், அதாவது அவர்கள் விதைப்பதற்கு முன்னால், அடுத்த ஆகஸ்டிலிருந்து எவ்வளவு எடுப்போம், என்ன வரி என்பதை இந்தியா அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அந்த அறுவடை முடியும்வரை மாற்றக் கூடாது. நம் காரீஃப் (ஜூன், ஜூலை மழைக்கால) விதைப்பும் அதற்குள் முடிந்திருக்கும் என்பதால் நம் விளைச்சலின் உத்தேசம் கையில் இருக்கும். தெரியாமல் வாக்குக் கொடுக்கும் ஆபத்து குறைவு. விலை இங்கே ஆதரவு விலைக்குக் கீழே போனால் வரியைப் படிப்படியாக ஏற்றுவதற்கான சூத்திரத்தையும் அதே அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். கலபுரகிக்காரருக்கும் அது காப்பு. ஒரேயடியாகச் சாத்துவதும் ஒரேயடியாகத் திறப்பதும் இரண்டு பக்கத்து விவசாயிக்கும் கேடு. நடுவில் கிட்டங்கி வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் லாபம். 2024-25-ல் 12 லட்சம் டன்னுக்கும் மேல் துவரை இறக்குமதியாகி, அடுத்து வந்த நம் சரக்கு குவிண்டால் 7,550 ரூபாய் ஆதரவு விலையை எட்டாமல் கர்நாடகச் சந்தைகளில் தவித்ததையும் பார்த்தோமே.

இரண்டு லட்சம் டன்னில் ஒரு சிறு பகுதியையாவது அங்குள்ள உழவர் சங்கங்களிடம், விதைப்புக்கு முன் சொன்ன குறைந்தபட்ச விலையில், நம் கூட்டுறவு நிறுவனங்கள் நேரடியாக எடுத்தால் மாமரத்தடி விலைக்கு ஓர் அடித்தளம் கிடைக்கும். நேரடிக் கொள்முதல் என்றதும் ஊழல் வரும் என்பார்கள். வரலாம். இப்போது அந்த மும்பை போன்காலில் என்ன வருகிறது என்று அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது.

விதை விஷயத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு பாலம் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கென்று தேர்ந்தெடுத்த ஐ.சி.இ.ஏ.பி. 00040 என்ற துவரை ரகம் மொசாம்பிக் வயல்களுக்குப் போயிருக்கிறது. மணி பெருசு, வெளுப்பு. நம் மில்காரருக்குப் பிடித்த தோற்றம். அதோடு காற்றுப் புகாத சேமிப்புப் பைகளும், அடித்துத் தூற்றத் தார்ப்பாயும் கடனுதவியில் ஒரு துளி ஒதுக்கிக் கொடுத்தால், நான் தட்டில் பார்த்த மண்ணும் மாவும் பெருமளவு குறையும். இதை ஒரு சர்வேயராகச் சொல்கிறேன். துறைமுகத்தில் கழிவுக்காகப் பிடித்தம் செய்கிற தொகையெல்லாம் கடைசியில் அந்தப் பேசின்காரப் பெண்ணிடமிருந்துதான் கழிகிறது.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். 2025 அக்டோபரில் பருப்புத் தற்சார்பு இயக்கத்தை 11,440 கோடி ரூபாயில் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030-31-க்குள் பருப்பு உற்பத்தியை 350 லட்சம் டன்னாக்குவது இலக்கு. விவசாயிகள் பதிவு செய்து கொண்டுவரும் துவரை, உளுந்து, மசூர் முழுவதையும் நான்கு ஆண்டுக்குக் கொள்முதல் செய்வதாக அறிவிப்பு. நல்லது, நடக்கட்டும், நடந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அது நடக்குமானால் மொசாம்பிக் துவரைக்கு என்ன இடம் என்பதை இப்போதே அவர்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். துவரைப் பரப்பைக் குறைத்து வேறு பயிருக்கு மாற நாலைந்து பருவமாவது வேண்டும். நாம் தற்சார்பு அடைந்த செய்தி இன்னோர் ஆகஸ்ட் 5-ஆம் தேதி அறிவிக்கையாக அங்கே போய்ச் சேரக் கூடாது. ஒருவேளை இலக்கு கைகூடாமல் மழை பொய்த்துப்போனால், மறுபடியும் அந்த மாமரத்தடிக்கே போய் நிற்க வேண்டியவர்களும் நாம்தான்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு, ஆசிரியர் அவர்களே. உங்கள் வணிகப் பக்கத்தில் மலேசியப் பாமாயில் விலை வருகிறது, லண்டன் தங்கம் வருகிறது, விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வருகிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை, வாரம் ஒரு நாளாவது, நகாலாவில் கப்பலேறும் துவரையின் டன் விலையையும் போடுங்கள். விருதுநகர் விலைக்குப் பக்கத்திலேயே போட்டால் போதும். இறக்குமதியாளர்கள் எல்லோரிடமும் அந்த எண் இருக்கிறது. வாங்கிப் போட ஒரு போன்கால்தான் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்கு சர்வேயர்,
தூத்துக்குடி.